மூலையில் மட்டும் கரும்பச்சை

ஜூன் 18

சங்கத்தில் இந்த வருஷத்துப் பண்ணைக் குறிப்பேடு கொடுத்தார்கள். நூற்று இருபது பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் அச்சடித்திருக்கிறது. களப்பணியாளர் பிரமிளா எங்கள் முப்பத்தெட்டுப் பேரையும் உட்காரவைத்து முதல் பக்கத்து விதிகளை வாசித்தாள். நிலத்தில் நடப்பதை அன்றன்றைக்கு எழுத வேண்டும். பேனாவால்தான் எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்த வரி படிக்கும்படி இருக்க வேண்டும். கடைசிப் பத்துப் பக்கம் மேற்பார்வையாளர் குறிப்புகளுக்கு. அதில் விவசாயி எழுதவே கூடாது. அதிகாரி எழுதிய குறிப்புக்குக் கீழே ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்று கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

போன இரண்டு வருஷமும் களை எடுத்தேன், மழை பெய்தது என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் படிக்கவில்லை. தேதியையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆகவே இந்த வருஷம் மனதில் இருப்பதையும் சேர்த்து எழுதலாம் என்று இருக்கிறேன். பக்கம் வீணாகத்தானே போகிறது.

விவரம்: பெயர் மு. அபரஞ்சி. வயது நாற்பத்தொன்பது. ஊர் சாத்தேரி, போளூர் பக்கம். ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை. வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். ரசாயன உரமும் மருந்தும் தொடாமல் இரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. இந்த மூன்றாவது வருஷமும் தேறினால்தான் இயற்கை விவசாயம் என்று முழுச் சான்றிதழ். முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ். ஒருவர் ஒளித்துச் செய்து மாட்டிக்கொண்டால் எல்லோருடையதும் போச்சு. வந்துவிட்டால் சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் கடலை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. அரைக் கிலோ பொட்டலத்தில் சங்கத்தின் பெயர் இருக்குமாம், மேலே ஒரு விவசாயியின் படமும் இருக்குமாம். கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள். எனக்கு அதில் ஆசை இல்லை. வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொன்னால் ஒத்துக்கொண்டுவிடுவார்கள் போலிருந்தது, அதனால் சொல்லவில்லை.

ஜூன் 19

நிலத்தில் வேலை இல்லை. வீட்டில் இருந்தது. அதற்குக் கட்டம் போடவில்லை.

ஜூன் 23

விதைக்கடலை உடைத்தேன். வீட்டுக்காரர் தின்னத் தின்ன உடைத்தேன் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

அவர் பெயர் முனிரத்தினம். அவரைப் பற்றி எழுத இந்தக் குறிப்பேட்டில் இடம் இல்லை. ஆனாலும் பூச்சி, பூஞ்சைக்குக் கீழே ‘இதர இடையூறுகள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சேர்த்துக்கொள்கிறேன். நான் சங்கத்தில் சேர்ந்த அன்றைக்கே இவர் டீக்கடையில் பத்துப் பேர் நடுவில், “யூரியா போடாம மல்லாட்ட வெளஞ்சா என் மீசைய எடுத்துக்கறன்” என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வருஷமும் விளைச்சல் சுமார்தான். மீசை தப்பித்தது. நான் பஞ்சகவ்யம் கலக்கினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு அள்ளிப் போட்டதில்லை.

மே மாதம் மகள் பிரசவத்துக்காகக் காஞ்சிபுரத்தில் பதினைந்து நாள் இருந்தேன். திரும்பி வந்தபோது நிலத்தை உழுது போட்டிருந்தார். அதற்குமேல் இவரிடம் எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குறிப்பேட்டை டிவி பக்கத்தில்தான் வைக்கிறேன். ஒளிக்க வேண்டியது இல்லை. ஐந்தாவது படித்தவர். டீக்கடையில் பேப்பரைத் திருப்பிப் படம் பார்ப்பார், அதற்குமேல் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 30

விதை நேர்த்தி. ஆறிய கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரப் பொடியைக் கரைத்து, விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். கரைத்து வைத்துவிட்டு விதையை எடுக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் ஒரு சொம்பு குறைகிறது. வீட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“கேவுரு கூழுன்னு நெனச்சன். உப்பே இல்ல.”

பிரமிளாவுக்குப் போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒன்றும் ஆகாது அக்கா என்றாள். இடுபொருள் கணக்கில் உண்மையை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்: ரைசோபியம் விதைக்கு மூன்று சொம்பு, வீட்டுக்காரருக்கு ஒரு சொம்பு.

ஜூலை 1

விதைத்தோம். வடக்கே துரைக்கண்ணு நிலம். அவர் சங்கத்தில் இல்லை, உரக்கடையில் கிடைப்பதை எல்லாம் போடுகிறவர். அதனால் அந்த எல்லை நெடுக ஆமணக்கு நட்டேன். இந்த வரப்போரத்துக் கடலையைத் தனியாகப் பிடுங்கித் தனியாக வைக்க வேண்டும், பொட்டலத்துக்குப் போகக் கூடாது.

ஜூலை 8

முளைப்பு நன்றாக இருக்கிறது. கிழக்கு வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. ஆடு வந்து மேய்ந்துவிடும். போன தீபாவளியிலிருந்து சொல்கிறேன். இனிமேல் வாயைத் திறந்து கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூலை 9

வேலியைக் கட்டிவிட்டார். “சும்மாதான இருந்தன், கட்டனன்” என்கிறார். கேட்காமல் விட்டால் நடக்கிறது. இது தெரியாமல் இருபத்தெட்டு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

ஜூலை 15

கைக்களை, ஆறு பெண்கள். முழங்கால் வலி உயிர் போகிறது. தைலம் தீர்ந்து பத்து நாள் ஆகிறது. அதை யாரிடம் சொல்ல.

ஜூலை 16

அலமாரியில் புதுத் தைலம் இருந்தது. பிரமிளா வந்துபோனபோது வைத்திருப்பாள். நல்ல பெண்.

ஜூலை 20

காராமணிக் குழம்பு வைத்தேன். உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளினார். உப்பு சரியாகத்தான் இருந்தது. இது பண்ணை விஷயம் இல்லை, ஆனாலும் பேனாவால் எழுதிய சான்று ஒன்று இருக்கட்டும்.

ஜூலை 29

இன்றைக்கு ஒன்று பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று மத்தியானத்திலிருந்து யோசித்தேன்.

பூ பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். நிலம் முழுக்க இளம்பச்சை. வடகிழக்கு மூலையில் மட்டும், ஒரு பத்துச் சென்ட் இருக்கும், கரும்பச்சை. கோடு கிழித்தாற்போல் தெரிகிறது. செடி ஒரு விரல்கடை உயரம் கூட. நான் அங்கே தனியாக ஒன்றும் போடவில்லை. அந்த மூலைக்கு அந்தப் பக்கம் துரைக்கண்ணுவின் மோட்டார் கொட்டகை. உர மூட்டை எல்லாம் அதில்தான் அடுக்கியிருப்பார். அவரும் இவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள்.

எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சும்மா நிறத்தை எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 2

பரணில் பழைய முறம் தேடப் போனேன். மூலையில் ஒரு யூரியா சாக்கு. வாயை இறுக்கிக் கட்டியிருக்கிறது. தூக்கிப் பார்த்தேன், அரை மூட்டை கனம். இந்த வீட்டில் மூன்று வருஷமாக யூரியா சாக்கு கிடையாது. எல்லாவற்றையும் நானே எடுத்துப் போட்டேன். சாக்கு பட்டாலே குற்றம் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

என்னால் தனியாக இறக்க முடியவில்லை. நாளைக்கு அவர் டீக்கடைக்குப் போனதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு இறக்கி, அவிழ்த்துப் பார்க்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 3

சாக்கு இல்லை.

பரணைப் பெருக்கிக்கூட விட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் விளக்குமாற்றைத் தொட்டதில்லை. நான் பார்த்தது எப்படித் தெரிந்ததோ, கண்ணில் பயம் தெரிந்திருக்கும்.

இனிமேல் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் வடகிழக்கு மூலையில் யூரியா போட்டிருக்கிறார். மீசையைக் காப்பாற்ற என் நிலத்தைக் கெடுத்திருக்கிறார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பதினேழு பெண்களைச் சங்கத்தில் சேர்த்தவள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன். அவராக வந்து சொல்லட்டும். நான் கேட்க மாட்டேன்.

எழுதும்போது அழுதேன். பக்கம் நனைந்திருந்தால் மழை என்று எடுத்துக்கொள்ளவும்.

ஆகஸ்ட் 4

அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5

பேசவும் இல்லை. செய்த தப்பு உறுத்துகிறது போலிருக்கிறது. நல்லது, உறுத்தட்டும்.

ஆகஸ்ட் 12

ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். ஜிப்சத்துக்குச் சங்கத்தில் அனுமதி வாங்கியாயிற்று, ரசீது ஒட்டியிருக்கிறேன்.

பொட்டலத்துக்குப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஆள் வந்தார்கள். மயில்கழுத்து நிறப் புடவை கட்டிக்கொண்டேன். தற்செயலாகத்தான் நேற்று ஆரணியில் வாங்கினேன். பிடுங்கிய செடி ஒன்றைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். கரும்பச்சை மூலையில் நின்றால் படம் நன்றாக வரும் என்றான் அந்த போட்டோக்காரப் பையன். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று சொல்லி மேற்கே கூட்டிப்போய்விட்டேன். சிரிப்பு சரியாக வரவில்லை. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வீட்டில் பேசுகிற ஆளும் இல்லை.

ஆகஸ்ட் 25

சான்று ஆய்வாளர் இருபத்தெட்டாம் தேதி வருகிறாராம். நம் நிலத்தையும் பார்ப்பார்.

ஊர் அல்லோலகல்லோலப்படுகிறது. யூரியா சாக்கு ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது என்று பிரமிளா சொல்லிவிட்டாள். சொல்வது சுலபம். எங்கள் வீடு தவிர ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அதுதான் பாய், அதுதான் திரை, மழைக்குத் தலையில் மடித்துப் போட்டுக்கொள்வதும் அதுதான். சங்கத் தலைவர் வீட்டுக் குளியலறைக்கு நாலு பக்கமும் அதுதான் சுவர். பிரித்துவிட்டார்கள். தலைவர் இருபத்தெட்டாம் தேதி வரை குளிப்பதில்லை என்று இருக்கிறார்.

சேர்ந்த சாக்கு ஒரு டிராக்டர் பெட்டி. அதை எங்கே ஒளிப்பது என்று யோசித்து, துரைக்கண்ணு சங்கத்தில் இல்லாதவர் என்பதால் அவருடைய மோட்டார் கொட்டகையில் போட்டார்கள். வேடிக்கை பார்க்க ஊரே நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலிச் சாக்கை ஒளித்துவிடலாம். பத்துச் சென்ட் கரும்பச்சையை எந்தக் கொட்டகையில் கொண்டுபோய் வைப்பது.

ஆகஸ்ட் 27

யோசித்துவிட்டேன். ஆய்வாளர் கண்டுபிடித்தால் நாங்கள் மறைத்தோம் என்று ஆகும், முப்பத்தெட்டுப் பேரும் கெடுவார்கள். நானே முந்திக்கொண்டு விலகினால் என் நிலத்தோடு போகும். விண்ணப்பம் எழுதி இந்தப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன்: “என் நிலத்தை இந்த வருஷப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவும். காரணம் சொந்தக் குடும்ப விஷயம். பொட்டலத்தின் படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும்.”

யூரியா என்ற வார்த்தையை விண்ணப்பத்தில் எழுதவில்லை. டீக்கடையில் நாலு பேர் நடுவில் அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு இஷ்டம் இல்லை. ஏன் இஷ்டம் இல்லை என்று தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் இஷ்டம் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28

நிறைய எழுத வேண்டும்.

ஆய்வாளர் பெயர் ஹேமலதா. கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா. வந்ததும் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பேட்டைக் கேட்டார். தேதியையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு மூடுவார் என்று கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். விண்ணப்பத்தை முதலிலேயே எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படிக்கிறார், தோள் குலுங்குகிறது. ரைசோபியம் பக்கமாக இருக்கும். பிறகு சிரிப்பு நின்றது. முகம் மாறியது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

எழுந்து நேராக வடகிழக்கு மூலைக்கு நடந்தார். பிரமிளா, சங்கத்து ஆட்கள், வேடிக்கை பார்க்க டீக்கடைக் கூட்டம், எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். வீட்டுக்காரர் எல்லோருக்கும் கடைசியில் வந்தார்.

“ஏனுங்கம்மா, இந்த மூலை மட்டும் இப்படிக் கருகருன்னு இருக்குது?”

“அதுக்குத்தாம்மா ஒரு விண்ணப்பம் எழுதி வெச்சிருக்கன்” என்று குறிப்பேட்டை வாங்கிப் பிரித்தேன். விண்ணப்பம் இல்லை. உதறினேன், இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். நான் தவிப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சட்டைப் பையைத் தட்டினார்.

“அது எங்கிட்ட இருக்குது. காத்துல விழுந்து கெடந்துச்சு, எடுத்தன்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேடம், அந்த எடத்துல ஆட்டுக்கிடை போட்டன். மே மாசம். இவ ஊர்ல இல்ல. பக்கத்து நெலத்துல தம்பி துரைக்கண்ணு கிடை போட்டிருந்தாரு. எருவுக்காவ ரெண்டு ராத்திரி எங்க மூலையிலயும் ஆட்ட அடைக்கச் சொன்னன்” என்றார்.

நான் நம்பவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, அத்தனை பேர் முன்னால் சொல்லியும்விட்டேன்: “பொய் சொல்லாதீங்க. எவ்ளோ வேணா எங்கிட்ட மறைங்க. முப்பத்தேழு குடும்பத்து வயித்துல அடிக்காதீங்க.”

அவர் என்னைப் பார்த்தார்.

ஹேமலதா அம்மா குனிந்து அந்த மூலையில் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் மண்ணை உதறினார். கடுகு கடுகாக முடிச்சு, அடையடையாக. ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினார், உள்ளே ரோஜா நிறமாக இருந்தது.

“யூரியா அள்ளிப் போட்ட செடி சோம்பேறியாயிருமுங்க. வேர்ல இத்தனை முடிச்சு வைக்காது. இது யூரியா மாதிரி எனக்குத் தெரியலீங்க. ஆனா என் கண்ணுக்குத் தெரியறது மட்டும் பத்தாது. கிடை போட்டதுக்கு வேற ஏதாவது அத்தாட்சி இருக்குங்களா?”

அப்போது பார்த்துத் துரைக்கண்ணு ஆமணக்கை விலக்கிக்கொண்டு வந்தார். தோளில் யூரியா சாக்கு. எங்கள் பரணில் இருந்த அதே சாக்கு.

“அண்ணே, மத்த சாக்கெல்லாம் கெடந்துட்டுப் போவுது. இத மட்டும் எடுத்துனு போயிடு. மழத் தண்ணி பட்டு நாத்தம், கொட்டாய்ல நிக்க முடியல” என்று ஆய்வாளர் காலடியில் பொத்தென்று போட்டார். பிறகுதான் அவர் யார் என்று பார்த்தார்.

“மத்த சாக்குன்னா எந்தச் சாக்குங்க?” என்றார் ஹேமலதா அம்மா.

சங்கத் தலைவர் இருமினார். பிரமிளா கண்ணை மூடிக்கொண்டாள். நான் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் தொடவில்லை என்பதால் ஆய்வாளரே முடிச்சை அவிழ்த்துக் கவிழ்த்தார். ஆட்டுப் புழுக்கை. ஊறி, உப்பி, கொழகொழவென்று அரை மூட்டை ஆட்டுப் புழுக்கை.

“உழுறதுக்கு முன்ன வாரி வெச்சன். அவ கத்திரிச் செடிக்கு ஆவட்டும்னு” என்றார் வீட்டுக்காரர், தரையைப் பார்த்தபடி. “வீட்ல வேற சாக்கு இல்ல. துரைக்கண்ணுகிட்டதான் வாங்கனன்.”

“ஏங்க, இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“எப்பிடி மேடம் சொல்றது. டீக்கடையில மூணு வருசமாப் பேசி வெச்சிருக்கற பேச்சுக்கு.”

டீக்கடைக் கூட்டத்தில் ஒருவர் மீசை என்ற வார்த்தையை எடுத்தார். துரைக்கண்ணு ஆள் அனுப்பி நாவிதரைக் கூப்பிடலாமா என்று கேட்டார். ஆட்டுப் புழுக்கையும் ஒரு மருந்துதான் என்று இவர் வாதாட ஆரம்பித்துவிட்டார். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆய்வாளர் சொன்னது இரண்டு குற்றம். வெளி ஆட்டின் எருவைக் குறிப்பேட்டில் எழுதாதது ஒன்று, அதை யூரியா சாக்கில் வைத்தது ஒன்று. இரண்டும் திருத்தக்கூடியவை. கிடைக்காரரிடம் ஆடு எங்கே மேய்ந்தது என்று எழுதி வாங்க வேண்டும். கொட்டகையில் இருக்கும் ‘மத்த சாக்கை’ எல்லாம் ஊரைவிட்டு அனுப்ப வேண்டும், திருப்பி எடுக்கக் கூடாது. தலைவர் வீட்டுக்கு ஓலை வாங்கித் தட்டி கட்ட வேண்டியதுதான்.

குறிப்பு எழுதக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். எழுதாமல் ரொம்ப நேரம் நின்றபடியே எதையோ படித்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். மழை வரும் அறிகுறி எதுவும் இல்லை.

“அம்மிணி, கடைசிப் பக்கமெல்லாம் பொறுமையாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க” என்று குறிப்பேட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு அதைத் திறக்கத் தைரியம் இல்லை. என்ன திட்டு எழுதியிருக்கிறாரோ.

ஆகஸ்ட் 29

அவரிடம் இன்னும் பேசவில்லை. கோபம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ரசம் வைத்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 10

செங்கம் பக்கம் போய்க் கிடைக்காரரைத் தேடிக் கைநாட்டு வாங்கி வந்தார். கடிதத்தை என்னிடம் கொடுத்து, “ஒட்டிக்க” என்றார். ஒட்டினேன். பேச்சு இவ்வளவுதான்.

அக்டோபர் 14

அறுவடை. ஆமணக்கு ஓரத்துக் கடலையைத் தனியாகப் பிடுங்கித் தனியாகப் புதுக் கோணிப்பையில் கட்டினேன். வடகிழக்கு மூலையில் ஒரு செடிக்கு முப்பது முப்பத்திரண்டு காய். மற்ற இடத்தில் பதினெட்டு, இருபது. எண்ணியது நான் இல்லை, அவர். எண்ணி எண்ணி என் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார், ஒரு வார்த்தை இல்லாமல். மீசை இன்னும் இருக்கிறது. விஷயம் டீக்கடையில் விசாரணையில் இருக்கிறது.

அக்டோபர் 18

காலையில் பிரமிளா ஓடிவந்தாள். “அக்கா, எல்லாருதும் முடிஞ்சுது, சான்றிதழ் ஒங்க ஒரு கையெழுத்துக்காக நிக்குது. கடைசிப் பக்கத்துல போடவே இல்லயாம். சாயந்தரம் வந்து வாங்கிக்கறன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திட்டு எதுவானாலும் ஆகட்டும் என்று திறந்தேன். ஆய்வாளர் எழுதியது நாலே வரி, அந்த இரண்டு குற்றம். அதற்கு முன்னால் ஒன்றரைப் பக்கம் வேறு எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோணல்மாணலாக, அழுத்தி எழுதியது. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘மு.ர., மேற்பார்வை’ என்று கையெழுத்து. விவசாயி எழுதக் கூடாது என்று போட்டிருந்ததே ஒழிய, விவசாயியின் புருஷன் எழுதக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை.

முதல் குறிப்பு ஜூன் 30. “கஞ்சி குடித்தது உண்மை. உப்பு இல்லை என்பதும் உண்மை.”

ஜூலை 9: “வேலி கட்டப்பட்டது.” ஜூலை 16: “தைலம் வாங்கி வைக்கப்பட்டது. பிரமிளா வைக்கவில்லை.” ஜூலை 20: “குழம்பில் உப்பு அதிகம்தான்.”

அங்கே கொஞ்சம் சிரித்துவிட்டேன். அடுத்தது ஆகஸ்ட் 3.

“யூரியா போடவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.”

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கேட்க மாட்டேன் என்று நான் எழுதிய அன்றைக்கே பதில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டரை மாதமாக இது டிவி பக்கத்தில் இருந்திருக்கிறது. தினம் தூக்குகிறேன், தினம் எழுதுகிறேன், பின்பக்கத்தைத் திருப்பவில்லை. பரணில் சாக்கைப் பார்த்தது எப்படித் தெரிந்தது என்று எழுதினேனே, எப்படித் தெரியும். நானேதான் எழுதிச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12: “படம் எடுக்கும்போது ஆமணக்குக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தாள். பேசாத சமயம் என்பதால் சொல்லவில்லை.”

ஆகஸ்ட் 27: “விண்ணப்பம் மேற்பார்வையாளரால் நிராகரிக்கப்பட்டது.” அதற்குக் கீழே, நாலாக மடித்தபடி, நான் எழுதிய விண்ணப்பத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறார்.

ஆகஸ்ட் 3 பக்கத்துக்குப் போனேன். விதிப்படி ஒரே கோடு போட்டு அந்த வரிகளை அடித்தேன். அடித்த வரி படிக்கும்படிதான் இருக்க வேண்டும், அதுவும் விதி. இருக்கட்டும், நான் எழுதியதுதானே.

பிறகு அவரைக் கூப்பிட்டேன். முற்றத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தவர், என் கையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்ததும் மீசையைத் தடவிக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றார்.

“ஏங்க, யூரியா போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார்.

“சரி” என்றேன்.

அவர் நிற்கும்போதே ஆய்வாளர் குறிப்புக்குக் கீழே ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டேன். அதோடு முடிந்தது, சங்கத்துக்கு அது போதும். ஆனாலும் மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கஞ்சிக்குப் போட்டேன், வேலிக்குப் போட்டேன், தைலத்துக்குப் போட்டேன். ஆகஸ்ட் 3க்குப் போட்டேன், அதற்கு மட்டும் முழுப் பெயர் எழுதினேன். படத்துக்கும் விண்ணப்பத்துக்கும் போட்டேன்.

ஜூலை 20க்குப் போடவில்லை. குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. அதற்காகச் சான்றிதழ் நின்றால், ஹேமலதா அம்மா கோயம்புத்தூரிலிருந்து ஒரு நாள் வரட்டும். காராமணிக் குழம்பு வைத்துப் போடுகிறேன், சாப்பிட்டுப் பார்த்து எழுதட்டும்.